கச்சான் ஆகாதவர்களுக்கு எந்தச் சொக்லட்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். பிஸ்கட்டும் சொக்லட்டும் செய்யும் இடமொன்றில் பல வருடம் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தேன். இப்போது களுவாஞ்சிகுடியில் வீட்டோடு கேக் செய்கிறேன். என் இளைய மகனுக்குக் கச்சான் ஆகாது. நான் வைத்தியர் இல்லை. சொக்லட்டைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். பரிசோதனை, மருந்து எல்லாம் உங்கள் வைத்தியரிடம்தான்.

அக்கா, நான் கச்சான் போட்ட சொக்லட்டை வீட்டுக்குள்ளேயே எடுப்பதில்லை. அப்படியிருந்தும் வெறும் கறுப்புச் சொக்லட் சாப்பிட்ட மகளுக்கு உதடு வீங்கிவிட்டது. எப்படி? (கல்முனை)

தங்கச்சி, இதே கதைதான் என் வீட்டிலும் நடந்தது. மகனுக்கு அப்போது மூன்று வயது. உறையில் சேர்பொருள் வரிசையை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கச்சான் என்ற சொல்லே அதில் இல்லை.

சொக்லட் ஆலைக்குத் தண்ணீர் ஆகாது. உருகிய சொக்லட்டில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் திரண்டு கட்டியாகிவிடும்; ஈரம் தங்கினால் கிருமியும் வளரும். அதனால் நாங்கள் சட்டி கழுவுவதுபோல அந்தக் குழாய்களையும் தாங்கிகளையும் சவர்க்காரம் போட்டு அடிக்கடி கழுவ முடியாது. சுரண்டுவார்கள், துடைப்பார்கள், அடுத்த வகைச் சொக்லட்டை உள்ளே ஓடவிட்டுப் பழையதை வெளியே தள்ளுவார்கள். காலையில் கச்சான் போட்டது ஓடிய குழாயில் பின்னேரம் கறுப்புச் சொக்லட் ஓடினால், முதல் வரும் கட்டிகளில் கச்சான் தூள் ஒட்டிக்கொண்டு வரும். இன்னொன்றும் உண்டு. வடிவம் பிசகின, உடைந்த கட்டிகளை மறுபடி உருக்கிச் சேர்ப்பது இந்தத் தொழிலில் வழமை. எது எதற்குள் போகிறது என்று எழுதிவைக்கும் ஆலையும் உண்டு, அவ்வளவு கவனமெடுக்காததும் உண்டு.

ஒவ்வாமை கடுமையாக உள்ளவருக்கு மில்லிகிராம் கணக்கில் கச்சான் புரதம் போதும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. கறுப்புச் சொக்லட் "சுத்தமானது" என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் பால் குறைவு, அவ்வளவுதான்.

"கச்சான் இருக்கலாம்" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் கொடுக்கலாமா? எல்லாவற்றிலும் அப்படித்தானே போடுகிறார்கள்? (செங்கலடி)

நான் கொடுப்பதில்லை. அந்த வரியை அச்சிடுவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கம்பனியின் விருப்பம். சேர்பொருளாகவே கச்சான் போட்டால் கட்டாயம் எழுத வேண்டும். தவறிக் கலக்கலாம் என்பதைச் சொல்வது அவர்கள் பாடு. அதனால் அந்த வரி இல்லாத உறையும் உத்தரவாதம் ஆகாது. கச்சான் இல்லாத ஆலையில் செய்தது என்று வெளிப்படையாக எழுதியிருப்பதைத்தான் நான் தேடுவேன். இல்லையென்றால் கம்பனிக்கே எழுதிக் கேட்பேன். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தானே.

லேபலில் எந்தெந்தச் சொல்லைத் தேட வேண்டும்? (மட்டக்களப்பு நகர்)

சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் நம் ஆட்கள் ஏமாறும் இடம் இது.

நம் நாட்டு உறைகளில் சிங்களத்தில் ரட்டகஜு என்றால் கச்சான். வெறும் கஜு என்றால் மரமுந்திரி. அவசரத்தில் வாசித்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். காண்டோஸ், ரிட்ஸ்பரி இரண்டிலும் கஜு போட்ட கட்டிகள் பழக்கமானவை என்பதால் "கஜுதானே" என்று கண் தாண்டிப் போய்விடும்.

இந்தியாவிலிருந்து வரும் பொதிகளில் தமிழே நம்மைக் கவிழ்க்கும். நமக்குக் கடலை என்றால் அவித்துத் தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளிக்கிற கடலை. அங்கே கடலை மிட்டாய் என்றால் கச்சான் மிட்டாய், கடலை எண்ணெய் என்றால் கச்சான் எண்ணெய். ஆனால் கடலை மாவு மட்டும் நம் கடலையின் மாவு! நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை எல்லாமே கச்சான்தான்.

ஜேர்மன், சுவிஸ் உறவுகள் கொண்டுவருவதில் எர்ட்நூஸ், பிரெஞ்சில் அரஷீட், இத்தாலியில் அரக்கிதி. சுவிஸ் உறையில் மூன்று மொழியும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைச் சேர்பொருள் வரிசையில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். அனேகமாகத் தடித்த எழுத்தில் இருக்கும், தேடுவது சுகம். அந்த 14இல் லுபின் என்றொரு அவரை வகையும் உண்டு. அதன் மாவை அங்கே பிஸ்கட்டுக்குப் போடுவார்கள். கச்சான் ஆகாத சிலருக்கு அதுவும் ஆகாது.

என் தம்பி கட்டாரிலிருந்து பெட்டி பெட்டியாகச் சொக்லட் அனுப்புகிறான். லேபல் முழுக்க அரபு. (காத்தான்குடி)

நானா, அரபு எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார். ஃபூல் சூதானி என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூடான் நாட்டு அவரை என்று பொருள், கச்சான்தான் அது.

அப்புறம் அந்தக் கலப்புப் பெட்டிகள். மார்ஸ் கம்பனியின் செலிபிரேஷன்ஸ் டப்பாவில் ஸ்னிக்கர்ஸும் கிடக்கும். ஸ்னிக்கர்ஸ் முழுக்கக் கச்சான். "அதை எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம்" என்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் நடக்காத காரியம். தம்பிக்குச் சொல்லுங்கள், கலப்புப் பெட்டி வேண்டாம், ஒரே வகையாக, தனி உறையிலேயே சேர்பொருள் எழுதியதாக அனுப்பட்டும்.

கனடாவிலிருந்து மாமி கொண்டுவந்த கிட்கட்டில் கச்சான் இல்லை என்று குறி போட்டிருக்கிறது. அப்படியென்றால் கிட்கட் எங்கே வாங்கினாலும் சரிதானே? (அக்கரைப்பற்று)

இல்லை தம்பி. கனடாவில் கிட்கட் செய்வது நெஸ்லே. அமெரிக்காவில் அதே பெயரில் செய்வது ஹெர்ஷி என்ற வேறு கம்பனி. ஆசிய நாடுகளில் விற்பது வேறு ஆலைகளில் செய்தது. பெயரும் சிவப்பு உறையும் ஒன்று, குழாய் வேறு. மாமி கொண்டுவந்ததைக் குறியைப் பார்த்துக் கொடுங்கள். இங்கே கடையில் வாங்குவதைப் புதுச் சாமானாக நினைத்து வாசியுங்கள். ஒரே கடையில் போன மாதம் வாங்கியதையும் இந்த மாதம் திரும்ப வாசிக்க வேண்டும்; செய்முறை மாறும், ஆலை மாறும்.

கஜு, தேங்காய், நுட்டெலா? (வாழைச்சேனை)

கச்சான் அவரை இனம், கஜு மரக்கொட்டை. ஆனாலும் கச்சான் ஆகாதவர்களில் ஒரு பகுதியினருக்கு மரக்கொட்டைகளும் ஆகாது. பரிசோதித்துப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். நுட்டெலாவில் இருப்பது ஹேசல்நட், அதுவும் மரக்கொட்டைதான். தேங்காய் பெரும்பாலானோருக்குப் பிரச்சினையில்லை. நல்லகாலம், இல்லாவிட்டால் நாம் என்னத்தைச் சமைப்பது!

மாமாங்கத்துத் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகப் பயம். வழி முழுக்கக் கச்சான் கடை. (ஆரையம்பதி)

கூட்டிப்போங்கள். வறுக்கும் வாசனையில் கச்சான் புரதம் இல்லை. கோது உடைக்கிற தூசுக்குக் கிட்ட நிற்காதீர்கள், கச்சான் அல்வா விற்கும் கடையில் வேறு இனிப்பும் வாங்காதீர்கள். ஒரே கத்தி, ஒரே தட்டு. கச்சான் சாப்பிட்ட கையைக் கிருமிநீக்கி ஜெல்லால் தேய்ப்பதில் பிரயோசனமில்லை. சவர்க்காரமும் தண்ணீரும், அல்லது ஈரத் துடைப்புத்தாள்.

வீட்டில் செய்ய ஏதாவது சுகமான முறை? (திருக்கோவில்)

ஒரு டின்பால், நாலு மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு மேசைக்கரண்டி பட்டர். அடி தடித்த தாச்சியில், மெல்லிய நெருப்பில், கை விடாமல் கிளறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொதல்போல அடியை விட்டுக் கழன்று வரும். ஆறவிட்டு, கையில் பட்டர் தடவிக்கொண்டு உருட்டி, உலர்ந்த தேங்காய்ப்பூவில் பிரட்டுங்கள். கொறிக்க வேண்டுமென்றால் வீட்டுப் பூசணி விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்துச் சேர்க்கலாம். கடையில் நிறுத்து விற்கும் பொரியோ கடலையோ வேண்டாம். கச்சான் அள்ளிய அதே கரண்டிதான் அதற்குள்ளும் போகும். கொக்கோத் தூளும் உறை வாசித்து வாங்கியதாக இருக்கட்டும்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் பிரிட்டோன் கொடுத்துப் பார்க்கலாமா? (களுவாஞ்சிகுடி)

தோலில் தடிப்பு மட்டுமென்றால் அரிப்புக்கு அது உதவும். மூச்சு இழுக்கிறது, குரல் அடைக்கிறது, தொடர்ந்து வாந்தி, தலைசுற்றல் என்றால் பிரிட்டோனை நம்பி ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். அதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். வைத்தியர் ஊசி தந்து பழக்கியிருந்தால் உடனே போடுங்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிள்ளையைப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் இருத்தி வையுங்கள். நடத்திக் கூட்டிப்போகவே கூடாது. தேறினாலும் ஆஸ்பத்திரியில் சில மணித்தியாலம் இருக்க வேண்டும், ஏனென்றால் அதே அறிகுறிகள் திரும்ப வரலாம்.

மூத்தவனுக்கு ஆகாது. இப்போது கைக்குழந்தை ஐந்து மாதம். அதற்கும் கச்சானே காட்டாமல் வளர்ப்பதா? (சம்மாந்துறை)

முன்பு அப்படித்தான் சொன்னார்கள். 2015இல் வெளிவந்த லீப் ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாதமான 640 குழந்தைகளை எடுத்தார்கள். ஒரு பகுதிக்குக் கச்சான் உணவை ஒழுங்காகக் கொடுத்தார்கள், மற்றப் பகுதிக்கு விலக்கினார்கள். ஐந்து வயதில், சாப்பிட்டவர்களிடம் ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு குறைவு. ஆனால் உங்கள் வீட்டில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். பிள்ளை வைத்தியரிடம் இந்த மாதமே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வகுப்பில் பிறந்தநாளென்றால் சொக்லட் பங்கிடுவார்கள். என் மகள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். (ஏறாவூர்)

நான் செய்வது இதுதான். தவணை தொடங்கும்போதே ஒரு சின்ன டப்பாவில், வீட்டில் பார்த்து வாங்கிய இனிப்பு பத்துப் பன்னிரண்டை, பிள்ளையின் பெயர் எழுதி டீச்சரிடம் கொடுத்துவிடுவேன். யாருக்காவது பிறந்தநாள் என்றால் டீச்சர் அதிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுப்பா. பங்கிடும் சொக்லட்டை என் மகன் வாங்கி, பிரிக்காமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். நான் உறை வாசிப்பேன். சரியில்லையென்றால் அது அவனுடைய அப்பாவுக்கு, வேலை செய்யும் இடத்தில் வைத்துச் சாப்பிட.