ஜல்லிப் பாதையில் களை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்கு அருகே மாந்தோப்புக்குள் வீடு கட்டியிருக்கிறோம். கேட்டிலிருந்து வாசல் வரை 60 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி கொட்டி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கோரையும் அருகும் பார்த்தீனியமும் ஜல்லியையே மூடிவிட்டன. கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் போதும் என்கிறார்கள். ஊற்றலாமா? ஜல்லிக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் பயன் உண்டா?

பதில்: உப்பை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். இலைகள் கருகுவது உண்மைதான். ஆனால் உப்பு மண்ணில் மக்கி மறையும் பொருளன்று. அடுத்த மழையில் கரைந்து, பாதையோரம் நிற்கும் மாமரங்களின் வேருக்குத்தான் போய்ச் சேரும். பாதைக்காக மரத்தைப் பலி கொடுக்க வேண்டாம்.

நீங்கள் குறிப்பிடும் களைகளில் கோரையும் அருகும் கீழிருந்து வருபவை. பார்த்தீனியம் மேலிருந்து வருவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கோரையைக் கையால் பிடுங்கினால் வெளுத்த அடித்தண்டோடு இலை மட்டுமே வரும். அதே இடத்தில் ஒரு சாண் ஆழம் கொத்திப் பார்த்தால், நூல் போன்ற தண்டில் கறுத்த கிழங்குகள் மணி கோத்தாற்போல வரிசையாக இருப்பதைக் காணலாம். அவற்றில் ஒன்று தங்கினாலும் மறுபடி கிளம்பிவிடும். ஆகவே, ஜல்லியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, சித்திரை வெயிலில் மண்ணைக் கொத்திப் புரட்டி, கிழங்குகளையும் அருகின் கணுத்துண்டுகளையும் கைக்கு அகப்பட்டவரை பொறுக்கி எடுத்து, மிச்சத்தைச் சில வாரங்கள் காயவிடுங்கள். நம் பக்கத்து உழவர்கள் கோடை உழவில் செய்வது இதைத்தான். இடையில் கோடை மழை பெய்து புதுத்தளிர் எட்டிப் பார்த்தால் அதுவும் நல்லதே. கிழங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். அதன்மேல் தண்ணீர் தேங்கும், வண்டி ஏறும்போது ஜல்லி வழுக்கி விலகும், கோரையின் ஊசிமுனை அதையும் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். தண்ணீரைக் கீழே விடும் கனமான ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிப்பதே மேல். கோரைக்கு அதுவும் முழுக் காப்பு ஆகாது என்பதால்தான் கிழங்கெடுப்பை முதலில் சொன்னேன். துணியின்மேல் 3 அங்குலக் கனத்துக்கு ஜல்லி பரப்ப ஒன்றரை யூனிட் (150 கன அடி) தேவைப்படும். வாங்கும்போது கிரஷர் தூசி கலக்காமல் சலித்துத் தரச் சொல்லுங்கள், ஏனெனில் விதை வேரூன்றுவது அந்தத் தூசியில்தான். தோப்பிலிருந்து அருகு உள்ளே படராதபடி இரு ஓரமும் கருங்கல் பதித்துவிடுங்கள்; கிருஷ்ணகிரியில் கல்லுக்கா பஞ்சம்?

பார்த்தீனியத்தை எந்தத் துணியும் தடுக்காது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். காற்றிலும் வண்டிச் சக்கரத்திலும் வந்து, மக்கிய மாவிலைச் சருகிலும் தூசியிலும் அவை முளைக்கும். எனவே சருகை அவ்வப்போது கூட்டி அள்ளுவதும், மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பல்வைத்த இரும்பு வாரியால் ஜல்லியைக் கிளறிவிடுவதும் அவசியம். இரண்டிலை முளைகள் அந்தக் கிளறலிலேயே வெயில் பட்டுச் செத்துப்போகும். வளர்ந்த செடியைப் பூப்பதற்கு முன்பே, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.

கேள்வி: ஓசூரில் எங்கள் வீட்டு முன்றிலில் சிறு ஜல்லித்தளம் உள்ளது. கிளைபோசேட் களைக்கொல்லி தெளிக்கலாமா?

பதில்: அது இலைவழியே உள்ளிறங்கி, நிற்கும் செடியைத்தான் கொல்லும், விதையை ஒன்றும் செய்யாது. அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். தவிர, மத்திய அரசு 2022 அக்டோபரில் அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் எனக் கட்டுப்படுத்தி ஆணை வெளியிட்டது. சிறு தளத்துக்கு மருந்தே வேண்டாம். முளைகள் விரல்நீளம் தாண்டுமுன் கொதிக்கும் நீரை அடித்தண்டில் படும்படி ஊற்றுங்கள். கோரை இருந்தால் மட்டும் களைக்கொத்தை எடுக்க வேண்டியிருக்கும்.