புறாவால் வந்த நிமோனியாவுக்குப் பால்வினை நோய்க் குறியீடு: க்ளெய்ம் கிடைக்குமா?

கேள்வி: மாடியில் புறா வளர்க்கும் என் அப்பா, காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகத் தனியார் மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்தார். பறவைகளிடமிருந்து வரும் சிட்டகோசிஸ் என்ற கிளமிடியா தொற்று என்றார் டாக்டர். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நோய்க் குறியீடு ஏ56.8 என்று போட்டிருக்கிறார்கள். அது பால்வினை நோய், பாலிசியில் அதற்கு விலக்கு உண்டு என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா, அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இந்தப் பதிலை முதலில் அம்மாவிடம் காட்டுங்கள். கிளமிடியா என்பது ஒரே கிருமி அல்ல, ஒரு குடும்பம். பால்வினை நோயைத் தருவது அதில் ஒரு வகை. புறா, கிளி போன்றவற்றின் காய்ந்த எச்சத் தூசியை சுவாசிப்பதால் வருவது வேறு வகை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலிலேயே இவை தனித்தனி: பால்வினை வழி வருபவை ஏ55, ஏ56, பறவை வழி வருவது ஏ70, கண்ணைத் தாக்கும் டிரக்கோமா ஏ71. உங்கள் அப்பாவுக்கு எழுதியிருக்க வேண்டியது ஏ70. அபூர்வமான நோய் என்பதால், கிளமிடியா என்று கம்ப்யூட்டரில் தேடியவர் பக்கத்து வரியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஒரு மனிதரின் மானத்தைத் தொடுகிற விஷயத்தில் இந்த அலட்சியம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

கம்பெனியிடம் வாதாடுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள். பழைய தாளை அழித்து எழுத விடாதீர்கள், சந்தேகம்தான் வளரும். சிகிச்சை தந்த டாக்டரின் கையெழுத்து, தேதியோடு தனித் திருத்தக் குறிப்பு வாங்குங்கள். நோய் எது, எப்படித் தொற்றியது, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று அவரிடம் ஒரு சான்றிதழும் கேளுங்கள். கிருமியின் வகையைச் சொல்லும் லேப் ரிப்போர்ட் இருந்தால் அதுதான் உங்கள் பெரிய பலம். கேஸ் ஷீட் நகலையும் எழுத்துமூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

அப்புறம் இவற்றை இணைத்து, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு மறுபரிசீலனைக் கடிதம் அனுப்புங்கள். விலக்குப் பிரிவைக் காட்டி மறுக்கும் கம்பெனிதான், அது பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். 2007-ல் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டாக்டர் எழுதிய நோயை விட்டுவிட்டு ஒரு குறியீட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்தச் சுமை தீராது. இன்னொன்றும் கேளுங்கள்: இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, உள்குழு ஒன்றின் ஒப்புதல் இல்லாமல் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் அந்த ஒப்புதல் பெறப்பட்டதா?

மறுபடி மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடக் கெடுவைத் தவறவிடாதீர்கள். திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அங்கே இரண்டு வருட அவகாசம் உண்டு, தவறான குறியீட்டுக்காக மருத்துவமனையையும் எதிர்த்தரப்பில் சேர்க்கலாம். ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்க மாட்டார். அதனால் ஆம்புட்ஸ்மேனிடம் முதலில் போவதே நல்லது என்பேன்.

பணம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கம்பெனி, அதன் சார்பில் க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏ நிறுவனம் இரண்டின் பதிவுகளிலும் ஏ56.8 நீக்கப்பட்டு ஏ70 என்று மாற்றப்பட்டதற்கு எழுத்துமூலம் உறுதி வாங்குங்கள். இல்லையென்றால் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றும்போது அதே தவறு மறுபடி தலைதூக்கும்.