எக்ஸ்பொக்ஸ் டிரைவை லப்டொப்பில் மாட்டலாமா?

கேள்வி: அண்ணா, உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு எக்ஸ்பொக்ஸ் 360 கேம் பெட்டி போன மாரியில் இடி மின்னலோடு செத்துவிட்டது, இப்போது விளக்கே எரிவதில்லை. என்னுடைய லப்டொப்பில் டிவிடி போட இடமில்லை. அக்காவின் கல்யாண டிவிடி நான்கு இருக்கிறது, கனடாவிலுள்ள மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். எக்ஸ்பொக்ஸைத் திறந்து டிரைவைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் இருப்பது சாதாரண சாட்டா சொக்கெட்தான். ஒரு யூஎஸ்பி வயர் வாங்கி லப்டொப்பில் மாட்டினால் வேலை செய்யுமா? கேம் டிஸ்க்குகளையும் அதிலேயே விளையாடலாமா?

பதில்: தம்பி, டிரைவைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. நீங்கள் பார்த்த டேட்டா சொக்கெட் உண்மையிலேயே சாட்டாதான். கணினி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயர் அதில் அச்சொட்டாகப் பொருந்தும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். வில்லங்கம் பக்கத்திலுள்ள சின்ன சொக்கெட்டில் இருக்கிறது.

சாதாரண சாட்டா டிவிடி டிரைவுக்கு மின்சாரம் 15 பின் உள்ள தட்டையான பிளக் வழியாக வரும். எக்ஸ்பொக்ஸ் 360 டிரைவில் அதற்குப் பதிலாக 12 பின் சொக்கெட் ஒன்று இருக்கும். 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் அதற்குள் வருகின்றன. தட்டைத் திற, மூடு என்ற கட்டளையும் அதே வயரில்தான் போகிறது. டிரைவின் முகப்பை ஒருமுறை பாருங்கள், ஒரு பட்டன்கூட இருக்காது. பட்டன் கொன்சோலில், அதாவது எக்ஸ்பொக்ஸ் பெட்டியில் இருக்கிறது. ஆக, உங்கள் கையில் இருப்பது பாதி டிரைவ். மீதிப் பாதி செத்துப்போன மதர்போர்டில் கிடக்கிறது.

லப்டொப்பின் சாதாரண யூஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட். 2.0 என்றால் 500 மில்லி அம்பியர், 3.0 என்றால் 900. இந்த டிரைவுக்கோ 12 வோல்ட்டும் வேண்டும். கடைகளில் தொங்கும் மெல்லிய சாட்டா வயர்கள் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்காகச் செய்தவை, அவற்றில் 12 வோல்ட் வராது. தனி அடாப்டரோடு வருபவற்றில் 12 வோல்ட் உண்டு, பிளக் பொருந்தாது. போதாக்குறைக்கு, மலிவான வயர்களில் சில ஹார்ட் டிஸ்க்கை மட்டும்தான் அடையாளம் காணும். டிவிடி டிரைவை மாட்டினால் லப்டொப் அசையாது.

வயரை வெட்டி, டெஸ்க்டொப் பவர் சப்ளையிலிருந்து ஈயம் வைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒருநாள் செய்தேன். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு சின்ன ‘டிக்’, மீன் கருகியது போல ஒரு மணம், அவ்வளவுதான். கொன்சோல் உயிரோடு இருந்தால் மின்சாரத்தை அதிலிருந்தே எடுத்து, டேட்டா வயரை மட்டும் கணினிக்கு மாற்றிப் பார்க்கலாம். உங்களுடையதில்தான் விளக்கே எரிவதில்லையே.

கேம் விஷயத்துக்கு முடியாது என்பதுதான் பதில். எக்ஸ்பொக்ஸ் 360 டிஸ்க்கைச் சாதாரண டிவிடி டிரைவில் போட்டால் ஒரு சின்ன வீடியோப் பகுதி மட்டும் தெரியும். இதை எக்ஸ்பொக்ஸில் போடுங்கள் என்று அது சொல்லும். கேம் இருக்கும் பகுதி அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைப் படித்தாலும், அந்த புரோகிராம் வேறு வகை புரொசெசருக்காக எழுதப்பட்டது, விண்டோஸில் அப்படியே ஓடாது.

மற்றக் கொன்சோல்களும் இதே கதைதான். பிளேஸ்டேஷன் 2இல் தனி டிரைவ் என்று கழற்றி எடுக்க எதுவுமில்லை. லென்ஸை ஆட்டுவிக்கும் சிப்புகள் மதர்போர்டிலேயே இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 4இன் டிரைவ் தன் போர்டோடு தாலி கட்டிய மாதிரி, வேறு இடத்தில் வாழாது. 2023இல் வந்த மெல்லிய பிளேஸ்டேஷன் 5இன் கழற்றும் டிரைவைக்கூட முதல் தடவை இன்டர்நெட் வழியாக அந்தக் கொன்சோலோடு இணைத்தால்தான் வேலை செய்யும். ஒரே விதிவிலக்கு, 2006இல் எக்ஸ்பொக்ஸ் 360க்குத் தனிப் பெட்டியாக வந்த எச்டி டிவிடி பிளேயர். அது யூஎஸ்பியில் ஓடுவது, கணினியிலும் வேலை செய்யும். அதைத் தேடி அலைய வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது கல்யாண வீடியோ. அதற்கு இவ்வளவு பாடு சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். முதலில் சொந்தக்காரர் வீடுகளில் தூசி பிடித்த டெஸ்க்டொப் இருக்கிறதா என்று கேளுங்கள். டிவிடி டிரைவோடு ஒன்று கிடைத்தால், ஒரு பென் டிரைவோடு போய் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். இல்லையென்றால் யூஎஸ்பியில் ஓடும் மெல்லிய டிவிடி டிரைவ் வாங்குங்கள். பழுதான பழைய லப்டொப் இருந்தால் இன்னும் மலிவு: அதன் டிரைவ் 5 வோல்ட்டிலேயே ஓடும், அதற்கென்று விற்கும் வெளிக்கூடு ஒன்று போதும். வாங்குமுன் டிரைவின் தடிப்பை அளந்துகொள்ளுங்கள், 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. எதை மாட்டினாலும் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வழியாக வேண்டாம், நேராக லப்டொப்பில் மாட்டுங்கள்.

இனி டிஸ்க்குகள். கல்யாண ஸ்டூடியோக்காரர் மணமக்கள் படத்தை வட்டக் காகிதமாக ஒட்டிக் கொடுத்திருப்பார். நம்மூர்க் கடல்காற்றில் அந்தக் காகிதம் ஈரம் குடித்து உப்பும், டிஸ்க் ஒரு பக்கம் லேசாக வளையும். சுழலும்போது டிரைவ் ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால் காரணம் அதுதான். அதற்காகக் காகிதத்தை உரிக்கப் போகாதீர்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. இழுத்தால் தகடுகளே பிரிந்துவிடலாம். அடிப்பக்கத்தை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளும், டிரைவால் அதைத் தாண்ட முடியாது. பற்பசை வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

டிஸ்க்கைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டர் தெரியும். அதை முழுதாக லப்டொப்புக்குக் கொப்பி செய்யுங்கள். நிறைந்த டிஸ்க்கில் 4.7 ஜிபி இருக்கும், நல்ல நிலையில் இருந்தால் கால் மணித்தியாலத்துக்குள் முடியும். விண்டோஸ் 10இலும் 11இலும் டிவிடி பார்க்கும் வசதி கூடவே வருவதில்லை, விஎல்சி பிளேயரை இறக்கிக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு டிஸ்க்கையே தபாலில் போடலாமே என்றும் யோசித்திருப்பீர்கள். டிவி வீடியோ முறை நம்மிடம் பால் (PAL), கனடாவில் என்டிஎஸ்சி (NTSC). அங்குள்ள பல டிவிடி பிளேயர்கள் நம் டிஸ்க்கைக் காட்டாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றி அனுப்புங்கள். அதில் டீஇன்டர்லேஸ் என்ற தெரிவைப் போட மறக்க வேண்டாம். போடாவிட்டால் மாலை மாற்றும்போது கைகள் சீப்புப் பற்கள் மாதிரிக் கோடுகோடாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் ஒரு ஃபைல் 2 ஜிபிக்குள் இருக்கட்டும். வீடியோவாக அனுப்பாமல் டொக்யுமென்டாக அனுப்பினால் தரம் குறையாது.

கழற்றிய எக்ஸ்பொக்ஸ் டிரைவை எறிந்துவிடாதீர்கள். அதன் போர்டில் பதிந்திருக்கும் இரகசியக் குறியீடு (‘சாவி’) அந்தக் கொன்சோலுக்கு மட்டும் உரியது. மதர்போர்டை யாராவது திருத்தித் தந்தால், வேறு டிரைவ் போட்டுப் படம் பார்க்கலாம், கேம் ஓடாது. ஒரு பையில் போட்டு, கொன்சோலோடு சேர்த்தே வையுங்கள்.