ப்ளூஸின் தந்தை யார்?

கே: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையைக் கண்டுபிடித்தவர் இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டிதானா?

ப: இல்லை, அவரே கேட்டுத் தெரிந்துகொண்டவர்தான். 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கந்தல் உடையில் ஒருவர் கிடார் தந்தியில் கத்தியை அழுத்தி வாசித்தபடி, ஒரே வரியை மூன்று முறை பாடினாராம். ஹேண்டியின் சுயசரிதையில் இது இருக்கிறது. அந்த மனிதரின் பெயர்தான் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை! பருத்தி வயல்களில் கறுப்பினக் கூலிகள் வேலை செய்தபடி பாடிய பாடல்களில் ஊறிய இசையை ஹேண்டி தாளில் எழுதினார். 1912இல் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ அச்சானது. அப்புறம் 1920இல் பாடகி மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. கேட்டுப் பாருங்கள், அதில் கிடாரே இருக்காது. மிசிசிப்பியின் டாக்கரி தோட்டத்தில் வளர்ந்த கிடார்க்காரர் சார்லி பேட்டனின் குரல் பதிவாக 1929 வரை ஆனது.