ஓவியத்தோடு இணையத்தில் மாயக்கதை எழுதினால் வாசகர்கள் என்னதான் சொல்வார்கள்? அதைக் கேட்டுக் கதையை மாற்றலாமா?

சில வருடங்களாக நானும் என் அத்தை மகனும் சேர்ந்து இப்படி ஒரு தொடர் போட்டு வருகிறோம் என்பதால் பதில் சொல்கிறேன். நான் கடலூர் முதுநகர், எழுத்து என் பொறுப்பு. அவன் புதுச்சேரி முத்தியால்பேட்டை, படம் அவன் பொறுப்பு. கதை இதுதான்: தேவனாம்பட்டினத்து மீனவப் பெண் ஒருத்திக்கு, புதுச்சேரி பக்கத்துப் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டின் பாசிமணி ஒன்று கிடைக்கிறது. அதன் துளை வழியாகப் பார்த்தால் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கடல் தெரியும். கூடவே கெடிலம் ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் ஒரு பூதம் குடியிருக்கிறது.

இதில் பூதம் எப்படிப் பேசும் என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் மணியை விடவில்லை. படத்தில் அது நெல்லிக்காய் அளவு இருந்தது. அரியாங்குப்பத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதினார்: "அரிக்கமேட்டு மணிகளில் பெரும்பாலானவை மிளகளவுகூட இருக்காது. அதன் ஓட்டையில் ஊசி நுழைவதே பெரும்பாடு. உங்கள் கதாநாயகி எதைப் பார்த்தாள்?" அதோடு, 1945-ல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த ரோமானிய மதுச்சாடிகள் எல்லாம் உடைந்த ஓடுகள்தான், நீங்கள் முழு ஜாடியாக வரைந்ததில் தனக்குச் சந்தோஷம் என்றும் ஒரு வரி. அது பாராட்டா குத்தலா என்று நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அடுத்து காற்று. பாய்மரக் கப்பல் வரும் அத்தியாயத்துக்கு சோனாங்குப்பத்துக்காரர் ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். "தம்பி, பொண்ணு முடி தெக்கால பறக்குது. பாய் வடக்கால உப்பிக்கிட்டு நிக்குது. ஒரே படத்துல வாடையும் அடிக்குது, சோழகமும் அடிக்குது. இது எந்தக் கடல்?" வாடை வடக்கிலிருந்து அடிப்பது, சோழகம் தெற்கிலிருந்து. என் அத்தை மகன் படத்தைத் தொடவே இல்லை. அடுத்த அத்தியாயத்தில் படகிலிருந்த பெரியவர் அதே கேள்வியைக் கேட்க, முடியைப் பறக்கவிட்டது காற்றில்லை, பூதத்தின் மூச்சு என்று நான் எழுதி ஒப்பேற்றினேன். "சமாளிச்சிட்டீங்க" என்று மறுநாள் இன்னொரு குரல்பதிவு வந்தது.

என் கணக்கில் இவைதான் உருப்படியான எதிர்வினைகள். மாயத்தை வாசகர் நம்மிடம் விட்டுவிடுகிறார், தனக்குத் தெரிந்த பொருளை மட்டும் விடமாட்டார். மணியும் பாயும் சரியாக இருந்தால்தான் பூதத்தையும் நம்புவார். 'சூப்பர்', 'அருமை', 'தொடருங்கள்' எல்லாம் வரும், வரட்டும். அதை வைத்து ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

கேட்கவே கூடாத யோசனைகளும் உண்டு. "பொண்ணைக் கொஞ்சம் கலரா வரையலாமே" என்று ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நாள் முழுக்க வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிற பெண் வேறு எப்படி இருப்பாளாம்? ஒவ்வொரு முறை இந்த யோசனை வரும்போதும் அவன் அடுத்த படத்தில் ஒரு சாயம் கறுப்பைக் கூட்டித்தான் வைக்கிறான். எனக்கும் அதில் முழுச் சம்மதம். அப்புறம், அவளுக்கும் கப்பலில் வந்த மாலுமிக்கும் கல்யாணம் ஆகுமா என்ற விசாரணை. இது எந்தத் தொடருக்கும் உள்ளதுதான். 'பொன்னியின் செல்வன்' 1950-ல் தொடங்கி, மணியத்தின் ஓவியங்களோடு கல்கி வார இதழில் மூன்றரை வருடம் வந்தது. முடிந்தபோது, இப்படித் திடுதிப்பென்று நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் கேட்க, யார் யாருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. மணியம் வரைந்த முகங்கள் அதைவிடக் கெட்டியாக நின்றுவிட்டன. 2022-ல் திரைப்படம் வந்தபோதுகூட எங்கள் தெருவில் பெரியவர்கள் வந்தியத்தேவனை அந்தப் படங்களோடுதான் ஒப்பிட்டார்கள். முகத்தை ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால் பிறகு அது நம்முடையதில்லை. முதல் அத்தியாயத்திலேயே எல்லோருடைய முகத்தையும் காட்டிவிடாதீர்கள்.

நாங்கள் எதிர்பார்க்காத வகை ஒன்று உண்டு. பூதத்துக்குக் கோபம் வந்து ஊரைப் புரட்டுகிற அத்தியாயத்தில், வேரோடு சாய்ந்த பலாமரம் ஒன்றைப் பக்கம் முழுக்க வரைந்திருந்தான். அதற்கு வந்தவற்றில் கதையைப் பற்றி எதுவுமே இல்லை. எல்லாமே 'தானே' புயலைப் பற்றித்தான். 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவுபடுத்தவே வேண்டாம். பண்ருட்டிப் பக்கத்து அக்கா ஒருவர், தாத்தா வைத்த மரம் எந்தப் பக்கமாக விழுந்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லை, முந்திரித் தோப்பு எப்படிக் கிடந்தது என்று எங்கள் அத்தியாயத்தைவிட நீளமாக எழுதியிருந்தார். கடைசியில், "மரம் விழுறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள ஒரு சத்தம் வரும். அது உங்க படத்துல இல்ல." படத்தில் சத்தத்தை எப்படி வரைவது? அவன் அதே மரத்தை, நடுத்தண்டு பிளக்கிற நொடியில், பக்கத்தில் கட்டியிருந்த மாடு தலையைத் திருப்புவதாக மறுபடி வரைந்தான். முதலில் வந்ததைவிட அது நல்ல படம்.

மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட வேண்டுகோள் ஒன்றே ஒன்று. "அலையை மட்டும் பெருசா வரையாதீங்க அண்ணா" என்று தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டான். 2004-ஐ அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பூதம் இனி ஆற்றுப் பக்கமாகத்தான் வரும்.

ஆக, மாற்றலாமா என்றால், தெரிந்ததைச் சொல்கிறவருக்காக மாற்றுங்கள், பிடித்ததைச் சொல்கிறவருக்காக வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சண்டைக்கு மட்டும் இந்த விதி உதவவில்லை: பூதத்துக்குக் கால் உண்டா? பேய்க்குத்தான் கால் கிடையாது, கோயில் சிற்பத்தில் பூதகணத்துக்குத் தொப்பையும் குட்டைக் காலும் இருக்கிறதே என்று ஒரு கட்சி. தண்ணீரில் இருப்பதற்குக் கால் எதற்கு என்று இன்னொரு கட்சி. இதுவரை இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்தே ஓட்டிவிட்டோம். அடுத்த அத்தியாயத்தில் அது கரையேறியாக வேண்டும், அவனோ இன்னும் பென்சிலையே எடுக்கவில்லை.