டயட்டில் எடை நின்றுபோய், திடீரென்று இறங்குவது ஏன்?
மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை அசையவில்லை, அப்புறம் ஒரே இரவில் ஒன்றரை கிலோ இறங்கியது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரவில் இறங்கியது பெரும்பாலும் தண்ணீர்தான். தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்குச் சுமார் அரை கிலோ கொழுப்பு கரையும். உடம்பின் நீரோ ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ கூட ஏறி இறங்கும். உப்பு தூக்கலான ஒரு வேளைச் சாப்பாடு, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் எல்லாமே நீரைப் பிடித்து வைக்கும். அதனால் கொழுப்பு கரைந்தும் எடையில் தெரியாது. அந்த நீர் சிறுநீராகப் போகிற நாளில் மூன்று வாரக் கணக்கும் மொத்தமாகத் தெரிகிறது. பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், தயவுசெய்து. காலையில் கழிப்பறை போய்வந்ததும் எடை பார்த்து, வாரச் சராசரிகளை ஒப்பிடுங்கள். பேன்ட் இடுப்பில் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.