படியெடுத்த கை

அன்புள்ள ஐயா,
ஸ்காட்லாந்து எழுத்தாளரும் பதிப்பாளருமான ராபர்ட் சேம்பர்ஸ், உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்தவை என்று டார்வினின் நூலுக்கு 15 ஆண்டுகள் முன்பே, 1844ல், ‘வெஸ்டிஜஸ்’ நூலில் எழுதினார். பெயர் போடவில்லை. சாகும்வரை ஒப்புக்கொள்ளவுமில்லை. இது கோழைத்தனம் இல்லையா? விஞ்ஞானியும் அல்லாதவரை ஏன் கொண்டாட வேண்டும்? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,
இரண்டாவது கேள்வியை விட்டுவிடுகிறேன். அந்நூலில் பிழைகள் உண்டு, அவ்வளவுதான்.

கோழை என்ற சொல்லை இத்தனை எளிதாக வீசாதீர்கள். அப்பாவின் துணித்தொழில் நொடித்துப்போய், 16 வயதில் வீட்டிலிருந்த பழைய புத்தகங்களை எடின்பரோவின் லீத் வாக்கில் பரப்பி விற்றுப் பிழைத்தவர் அவர். அண்ணன் வில்லியம் 1832ல் தொடங்கி இருவரும் வளர்த்த வார இதழின் விலை ஒன்றரைப் பென்னி. நாத்திகர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அந்த இதழும் அதை நம்பிய குடும்பங்களும் தெருவுக்கு வந்திருக்கும். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டவரிடம், பிள்ளைகள் நிறைந்த தன் வீட்டைக் காட்டி, 11 காரணங்கள் என்றாராம். நீங்களும்தான் பெயர் வேண்டாம் என்கிறீர்கள். தவறில்லை. அதே உரிமையை அவருக்கும் கொடுங்கள்.

சில வாரங்களாக என் மனதில் இருப்பவர் அவர் மனைவி ஆன். கணவரின் கையெழுத்தை அச்சகத்தில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று முழு நூலையும் அவர் தன் கையால் படியெடுத்தார். மான்செஸ்டர் நண்பர் அலெக்சாண்டர் அயர்லாந்து வழியாக அது லண்டன் பதிப்பாளருக்குப் போயிற்று. 1884ல் அயர்லாந்து உண்மையைச் சொன்னபோது ராபர்ட் இறந்து 13 வருடம். ஆன் அதற்கும் முன்பே போய்விட்டார்.

என் முதல் கதைகளை அக்காதான் படியெடுத்தாள். முழுத்தாளில் ஒரு பக்கம் மட்டும், இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு. அடுப்படி வேலை முடிந்து பத்து மணிக்கு மேல்தான் உட்காருவாள். ஒரு கதையில் ‘அழுதாள்’ என்று எழுதியிருந்தேன். ‘முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்’ என்று மாற்றிவிட்டாள். கேட்டதற்கு, “அவ அழமாட்டாடா” என்றாள். படித்தவர்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் சொன்னார்கள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டேன், முப்பது வருடம்.

படியெடுக்கிறவள் எழுத்துக்கு எழுத்து வாசிக்கிறாள். ஆன் எந்த வரியில் பேனாவை நிறுத்தி, இது சரியா என்று கணவரிடம் கேட்டிருப்பார்? கோழையா வீரரா என்பதைவிட எனக்கு அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தொகுப்பின் மறுபதிப்பு வருகிறது. அந்த வரி அக்காவுடையது என்று முன்னுரையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.